மந்திராலோசனையும் மண்பானை வணிகரும்: கதையிலும் வரலாற்றிலும் இரகசியச் சங்கங்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்பின் பெயரைத் தன் முதலெழுத்தாகத் தாங்கி நிற்கும் வ. புதுப்பட்டியில் ஆற்றும் உரை இது. இவ்வுரைக்கு எடுத்துக்கொண்ட பொருள் இரகசியச் சங்கம். தன் உறுப்பினர் யார், தன் நோக்கம் யாது, தான் கூடும் இடம் எது என்பவற்றை வெளியாருக்கு மறைத்து, தன்னிடம் சேர்வோரைச் சத்தியப் பிரமாணத்தால் கட்டி வைக்கும் கூட்டம் எதுவோ, அதுவே இங்கு அப்பெயரால் குறிக்கப்படுகிறது.

கதைகளில் இரகசியச் சங்கம் எப்படி இருக்கிறது? அதற்குக் கண் எங்கும் உண்டு. கை எங்கும் நீளும். அரண்மனைக்குள்ளும் அதற்கு ஆள் உண்டு, கருவூலத்துக்குள்ளும் ஆள் உண்டு. வரலாற்றில் இரகசியச் சங்கம் எப்படி இருந்தது? அதற்குப் பணம் இல்லை. துப்பாக்கி ஒன்று கிடைப்பதே அரிது. ஒருவர் பிடிபட்டால் அடுத்தடுத்துப் பலரும் பிடிபட்டனர். இவ்வளவு மெலிந்த ஒன்று ஒரு பேரரசை எவ்வாறு அச்சுறுத்தியது? அதன் உண்மையான படைக்கலம் கதையே என்பதும், அந்தக் கதையைச் சங்கத்தாரும் எழுதினார்கள், காவல்துறையும் எழுதியது என்பதும், இரண்டு கதைகளுக்கும் இடையே அகப்பட்டு நசுங்கிய எளிய மனிதர்களே வரலாற்றில் தேடப்பட வேண்டியவர்கள் என்பதும் இவ்வுரையின் கருத்து.

முதலில் தமிழ் வாசகர் அனைவரும் அறிந்த கதையிலிருந்தே தொடங்கலாம். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் இரண்டு சதிக்கூட்டங்கள் வருகின்றன. ஒன்று, கடம்பூர் சம்புவரையர் மாளிகையில் நள்ளிரவில் கூடும் சிற்றரசர் கூட்டம். மூடுபல்லக்கில் மதுராந்தகரைக் கொண்டுவந்து, அவரை அரியணையில் ஏற்றுவதற்குப் பழுவேட்டரையரும் பிறரும் ஆலோசிக்க, வந்தியத்தேவன் அதனை மறைந்திருந்து காண்கிறான். (இவ்வட்டாரத்தார் ரயில் நிலையத்தால் அறிந்திருக்கும் கடம்பூர் வேறு; நாவலின் கடம்பூர் காவிரிக்கு வடபுறத்தது.) மற்றொன்று, திருப்புறம்பியம் பள்ளிப்படையில் (இறந்த மன்னர் நினைவாக எழுப்பிய கோயிலில்) இருளில் கூடும் ரவிதாஸன் கூட்டம். பாண்டிய மன்னன் வீரபாண்டியனின் ஆபத்துதவிகளாகிய அவர்கள், அதாவது மன்னனுக்காக உயிர் கொடுப்பதாக உறுதிபூண்ட மெய்க்காவலர்கள், சோழ குலத்தைப் பழிவாங்கச் சபதம் செய்தவர்கள். மறைந்திருந்து கேட்கும் ஒற்றன், ஆந்தை அலறல் போன்ற சமிக்ஞை, சத்தியம், பழி என இரகசியச் சங்கக் கதைக்கு வேண்டிய எல்லா உறுப்புகளும் இங்கே உண்டு.

இதற்கு வரலாற்றில் ஆதாரம் உண்டா? உண்டு. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், இராசராச சோழனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்று துரோகிகளான சோமன், ரவிதாஸனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிசோழ பிரமாதிராசன் ஆகிய உடன்பிறந்தோரின் பெயர்களை அது சொல்கிறது. ஆனால் அவர்கள் ஏன் கொன்றார்கள் என்று அது சொல்கிறதா? இல்லை. அவர்கள் பாண்டியன் ஆட்கள் என்று சொல்கிறதா? அதுவும் இல்லை. சங்கம், சபதம், நள்ளிரவு, பள்ளிப்படை எதுவும் அதில் இல்லை. அக்கல்வெட்டின் கவலையெல்லாம் நிலத்தைப் பற்றியது. துரோகிகளின் சொத்தையும் அவர்தம் உறவினரின் சொத்தையும் பறிமுதல் செய்வது பற்றிய அரசாணை, வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அனுப்பப்பட்டதையே அது பதிந்து வைக்கிறது. மக்கள், தாயர், மாமன்மார், பெண் கொடுத்தோர், பெண் எடுத்தோர் என்று அந்தப் பட்டியல் நீள்வதைப் படிக்கும்போது, சதி செய்தவர் மூவராயினும் அதற்கு விலை கொடுத்தவர் எத்தனை வீட்டார் என்ற எண்ணம் நெஞ்சை அழுத்துகிறது. கொலைக்குப் பின்னால் உத்தம சோழனின் கை இருந்திருக்கலாம் என்று வரலாற்றறிஞர் க. அ. நீலகண்ட சாஸ்திரியார் ஐயுற்றார், பிறர் மறுத்தனர். வழக்கு இன்றும் தீரவில்லை. கல்வெட்டு விட்டுவைத்த அந்த வெற்றிடத்தில்தான் கல்கி ஒரு சங்கத்தைக் குடியேற்றினார். வரலாறு காரணம் சொல்லாமல் விட்ட இடத்தில் கதை ஒரு சங்கத்தை வைக்கும்; இது தமிழுக்கு மட்டும் உரிய வழக்கமன்று.

உலக வரலாற்றிலிருந்து ஒரு சான்று போதும். செருமானிய நாட்டின் பவேரியாவில், இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆதம் வைஷாப்ட் என்பவர் 1776 மே 1 அன்று ‘இல்லுமினாட்டி’ என்ற சங்கத்தை நிறுவினார்; 1784, 1785 ஆம் ஆண்டுகளின் அரசாணைகளால் அது நசுக்கப்பட்டது. பத்தாண்டுகூட நிறையாத அந்தச் சங்கத்துக்குக் கதாசிரியர்களும் வதந்தியாளர்களும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயுள் கொடுத்து, உலகின் புரட்சிகள் அனைத்தையும் அதன் கணக்கில் எழுதியிருக்கின்றனர். இன்று நம் ஊர் இளைஞரின் கைப்பேசிக்குள்ளும் அப்பெயர் நுழைந்துவிட்டது. இறந்துபோன சங்கத்துக்கே இந்தச் செல்வாக்கு!

தமிழகத்துக்கு இரகசியச் சங்கக் கதை வந்த வழி வேறு. அது இத்தாலியிலிருந்து வந்தது. ஜோசப் மாஜினி 1831 இல் நிறுவிய ‘இளைய இத்தாலி’ என்ற சங்கத்தில் சேர்வோர், தாய்நாட்டின் பெயரால் நீண்டதொரு பிரமாணம் செய்ய வேண்டும். அந்தப் பிரமாணத்தைப் பாரதியார் தமிழ்ச் செய்யுளாக்கினார். ‘மாஜினியின் சபதம்’ என்ற பாடல் அது. மாஜினியின் சுயசரிதையைச் சாவர்க்கர் மராத்தியில் பெயர்த்தார். அவர் 1904 இல் அமைத்த ‘அபிநவ பாரதம்’ மாஜினியின் சங்கத்தை முன்மாதிரியாகக் கொண்டது. இலண்டன் இந்தியா விடுதியில் சாவர்க்கரோடு இருந்த வ. வே. சு. ஐயர் 1910 இல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். வங்கத்திலோ பக்கிம் சந்திரர் 1882 இல் வெளியிட்ட ‘ஆனந்தமடம்’ நாவலில் வரும் சந்நியாசிப் படை, 1902 இல் தோன்றிய அநுசீலன் சமிதி போன்ற உண்மையான சங்கங்களுக்குக் கனவாகவும் இலக்கணமாகவும் விளங்கியது. ஆகவே, அவையோரே, எது முந்தியது? நாவல் சங்கத்தைப் பார்த்து எழுதப்பட்டதா, சங்கம் நாவலைப் பார்த்து அமைக்கப்பட்டதா? இந்தியாவைப் பொறுத்தவரை, பல இடங்களில், நாவலும் பாட்டுமே முந்தின.

எனினும் பாட்டைப் படித்தவரெல்லாம் துப்பாக்கி எடுத்ததில்லை. எடுக்க வைத்தது எது? அதற்கு விடை பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது. 1910 இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாகும் வரை ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டமும் அந்தத் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்ததே. 1906 இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். பங்குகள் வெளிப்படையாக விற்கப்பட்டன. கப்பல்கள் பட்டப்பகலில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. 1908 இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, வ. உ. சி.யும் சுப்பிரமணிய சிவாவும் ஆயிரக்கணக்கானோர் கேட்கும்படி மேடையில் பேசினர். இதில் இரகசியம் எங்கே இருந்தது? எல்லாம் வெளியில், வெயிலில், மக்கள் நடுவில் நடந்தது. அதற்குக் கிடைத்த பரிசு என்ன? மார்ச் 12 இல் கைது. மறுநாள் திருநெல்வேலியில் எழுச்சியும் துப்பாக்கிச் சூடும். ஜூலை 7 இல் வ. உ. சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனையாக நாற்பதாண்டு, சிவாவுக்குப் பத்தாண்டு. பின்னர் மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டதாயினும், அந்தத் தீர்ப்பு இளைஞர்களின் நெஞ்சில் எழுதிய பாடம் குறையவில்லை. வெளிப்படையாக இயங்கிய இயக்கத்தின் கழுத்தை நெரித்த பிறகே இருட்டில் இயங்கும் சங்கம் பிறந்தது. இந்தக் கால வரிசையை எவரும் மறந்துவிடலாகாது.

அந்தச் சங்கத்தின் பெயர் பாரத மாதா சங்கம். சீர்காழியை அடுத்த எருக்கூரில் 1889 இல் பிறந்து, புதுச்சேரியில் ‘சூர்யோதயம்’ இதழை நடத்திய நீலகண்ட பிரம்மச்சாரி, தென்னாட்டு ஊர்களில் சுற்றி ஆள் திரட்டினார்; 1910 இல் தென்காசியில் சங்கம் உருக்கொண்டது. காளி படத்தின் முன் அமர்ந்து, குங்குமம் கரைத்த நீரை வெள்ளையர் இரத்தமாகப் பாவித்து அருந்தி, விரலைக் கீறிக் கசிந்த இரத்தத்தால் உறுதிமொழித் தாளில் அடையாளம் இட்டனர் என்று வழக்கு விசாரணையில் சொல்லப்பட்டது. இவ்வளவு படித்தவுடன் எந்த வாசகர் மனத்திலும் கடம்பூர் மாளிகையும் பள்ளிப்படையும் எழுந்துவிடும். ஆனால் அந்தத் திரையை விலக்கி, பின்னர் குற்றவாளிக் கூண்டில் நின்ற பதினால்வரின் தொழிற்பட்டியலைப் பார்க்க வேண்டும்.

பழுவேட்டரையர் போன்ற தனாதிகாரி அங்கே உண்டா? சம்புவரையர் போன்ற சிற்றரசர் உண்டா? மடத்துக்கடை சிதம்பரம் பிள்ளை காய்கறி வணிகர். முத்துக்குமாரசாமிப் பிள்ளை பானை விற்பவர். சுப்பையா பிள்ளை வக்கீல் குமாஸ்தா. ஜகந்நாத ஐயங்கார், வேம்பு ஐயர், பிச்சுமணி ஐயர் மூவரும் சமையல் வேலை செய்தவர்கள். பாப்பு பிள்ளை, அழகப்ப பிள்ளை, சாவடி அருணாசலம் பிள்ளை ஆகியோர் விவசாயிகள். வந்தே மாதரம் சுப்பிரமணிய ஐயர் பள்ளி ஆசிரியர். சங்கத்தின் பெயரால் ஆங்கிலேயக் கலெக்டரைச் சுட்ட வாஞ்சிநாதனோ திருவிதாங்கூர் சமஸ்தானத்துப் புனலூரில் வனத்துறையில் வேலை பார்த்த, இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க செங்கோட்டை இளைஞர். உலகின் மிகப்பெரிய பேரரசுக்கு எதிராகச் சதி செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் இவர்களே: அடுப்படியில் நின்றவர்கள், பானை சுமந்தவர்கள், மனு எழுதியவர்கள். இந்தப் பட்டியலைப் போல மனத்தை உலுக்கும் அத்தியாயம் எந்த இரகசியச் சங்க நாவலிலும் இல்லை என்று துணிந்து சொல்லலாம்.

1911 ஜூன் 17 அன்று காலை, மணியாச்சி ரயில் நிலையத்தில், திருநெல்வேலி மாவட்டத்தின் பொறுப்புக் கலெக்டர் ராபர்ட் வில்லியம் ஆஷ், தம் மனைவியுடன் முதல் வகுப்புப் பெட்டியில் கோடைக்கானல் பயணத்துக்காக அமர்ந்திருந்தார். 1908 நிகழ்ச்சிகளின்போது தூத்துக்குடியில் துணைக் கலெக்டராக இருந்து சுதேசி இயக்கத்தை ஒடுக்கியவர் அவரே என்பது இளைஞர்களின் கோபத்துக்குக் காரணம். பெட்டிக்குள் ஏறிய வாஞ்சிநாதன் பிரவுனிங் கைத்துப்பாக்கியால் ஆஷைச் சுட்டுவிட்டு, நடைமேடைக் கழிவறைக்குள் ஓடித் தம்மையும் சுட்டுக்கொண்டார். உடன் வந்ததாகச் சொல்லப்படும் ஒட்டப்பிடாரம் மாடசாமி இறுதிவரை காவலர் கையில் சிக்கவேயில்லை.

வாஞ்சியின் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. முடிசூட்டிக்கொள்ளவிருந்த ஐந்தாம் ஜார்ஜைக் கொல்ல மூவாயிரம் சென்னை மாகாணத்தார் பிரமாணம் செய்திருப்பதாக அது கூறியது. மூவாயிரம்! நீதிமன்றத்துக்குக் கொண்டுவர முடிந்தவர் பதினால்வர். அந்த மூவாயிரம் என்பது பொய்யா? பொய் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. உயிரைக் கொடுக்கத் துணிந்த ஓர் இளைஞன், தான் தனியன் அல்லன் என்று நம்ப விரும்பியதன் அடையாளம் அது; பகைவனும் அதை நம்ப வேண்டும் என்று விரும்பியதன் அடையாளம் அது. அவன் விரும்பியபடியே பகைவன் நம்பினான். ஊர் ஊராகச் சோதனை நடந்தது. தருமராஜ ஐயரும் வெங்கடேசுவர ஐயரும் விசாரணைக்கு அகப்படுமுன் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர்.

அதே கடிதத்தில் இன்னொன்றும் உண்டு. அதைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. கடிதம் சனாதன தர்மத்தின் பெயரால் பேசுகிறது. மன்னனை மாட்டிறைச்சி உண்ணும் மிலேச்சன் என்று இகழ்கிறது. கூண்டில் நின்றவர்களின் பெயர்களை மறுபடி நோக்கினால், அனைவரும் இரண்டு மூன்று சாதிகளுக்குள் அடங்கிவிடுவதும், அவர்களுள் ஒருவரான சங்கரகிருஷ்ணன் வாஞ்சியின் மைத்துனர் என்பதும் விளங்கும். இது தற்செயலன்று. இரகசியத்துக்கு நம்பிக்கை வேண்டும். அக்காலத்தில் ஒருவர் எளிதில் நம்பியது உறவினரையும் சாதியாரையும்தான். கோரல் ஆலை வாயிலில் எல்லாச் சாதித் தொழிலாளரும் கூடி நின்றனர். தென்காசியின் மூடிய அறைக்குள் அவர்களுக்கு இடமில்லை. வெளிப்படையான இயக்கம் அகலமாகப் பரவும். மறைவான சங்கம் தன் வீட்டுக்குள்ளேயே சுருங்கும். இக்குறையைச் சொல்வதால் வாஞ்சியின் தியாகம் அழிந்துவிடாது. இக்குறையை மறைப்பதால் அது வளர்ந்துவிடவும் செய்யாது.

இனி அரசு எழுதிய கதைக்கு வருவோம். சென்னை உயர்நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி ஆர்னால்டு வைட், நீதிபதி அய்லிங், நீதிபதி சங்கரன் நாயர் மூவரும் அடங்கிய சிறப்பு அமர்வு வழக்கை விசாரித்தது. 1912 இல் வந்த தீர்ப்பில் நீலகண்டருக்கு ஏழாண்டும், சங்கரகிருஷ்ணனுக்கு நான்காண்டும் சிறைத்தண்டனை கிடைத்தன. வேறு சிலருக்குக் குறைந்த தண்டனை, மற்றும் சிலருக்கு விடுதலை. சங்கரன் நாயர் மற்ற இருவரோடு முழுதும் உடன்படாமல் தனித் தீர்ப்பு எழுதினார். சங்கத்தின் உள்விவகாரங்கள் நீதிமன்றத்துக்கு வந்தது பெரும்பாலும் ‘அப்ரூவர்’ வாயிலாகவே. தானும் குற்றத்தில் பங்குகொண்டதாக ஒப்புக்கொண்டு, மன்னிப்புக்கு ஈடாக மற்றவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்பவரே அப்ரூவர். குங்கும நீரும் இரத்த அடையாளமும் நமக்குக் கிடைத்திருப்பது இந்த வழியில்தான். உயிருக்கு அஞ்சியவர் சொன்னதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு கேட்டவர் விரும்பியது? பிரிப்பது கடினம்.

இந்த முறை புதிதன்று. 1830களில் ‘தக்கர்’ எனப்பட்ட வழிப்பறிக் கொலைஞரைப் பிடிக்க ஸ்லீமன் என்ற அதிகாரி அப்ரூவர்களையே பெரிதும் நம்பினார். 1836 இல் தனிச்சட்டமே வந்தது. அந்த வாக்குமூலங்களை வைத்து மெடோஸ் டெய்லர் 1839 இல் எழுதிய நாவல், காளியை வணங்கும் கொலைகாரச் சங்கம் ஒன்று இந்தியா முழுதும் பரவிக் கிடப்பதாக ஆங்கிலேய வாசகரை நடுங்க வைத்தது. வழிப்பறிக் கொலைகள் நடந்தது உண்மை. நாடளாவிய ஒரே சமயச் சங்கம் இருந்ததா என்பதைப் பிற்கால ஆய்வாளர் பலர் ஐயுறுகின்றனர். காளி முன் சபதம் என்ற காட்சி வெள்ளை அதிகாரியின் மனத்தில் முன்பே எழுதப்பட்டிருந்தது. தென்காசிச் செய்தி கிடைத்தபோது அவர் அந்தப் பழைய பக்கத்தையே திறந்தார்.

கடல் கடந்த தமிழர் கண்ட சங்கங்களோ வேறு வகையின. பினாங்கில் சீனச் சங்கங்கள் இரண்டு மோதிய 1867 ஆம் ஆண்டுக் கலவரத்தில், முகரம் விழாவை ஒட்டி வளர்ந்த ‘சிவப்புக் கொடி’, ‘வெள்ளைக் கொடி’ என்ற சங்கங்கள் எதிரெதிரே நின்றன. மலாய்க்காரரோடு தமிழ் முசுலிம்களும் அவற்றில் இருந்தனர். ஊரும் உறவும் இல்லாத துறைமுகத்தில், நோய்க்கும் சாவுக்கும் துணை நிற்க ஒரு கூட்டம் வேண்டும் என்ற தேவையே புலம்பெயர்ந்தோரை இத்தகைய சங்கங்களை நோக்கித் தள்ளியது.

புதுச்சேரிக்குத் திரும்புவோம். ஆஷ் கொலைக்குப் பின் அங்கே பாரதியாரையும் வ. வே. சு. ஐயரையும் சுற்றி பிரிட்டிஷ் உளவாளிகள் மொய்த்தனர். ஐயர் வீட்டுக் கிணற்றில் ஒரு ஜாடி கிடைத்தது. உள்ளே இராசத்துரோகத் தாள்கள் இருந்தன. உளவாளிகள் போட்டு வைத்த ஜாடி அது. அதைத் தாமே பிரெஞ்சுக் காவல்துறையிடம் ஒப்படைத்துவிட்டதால் தேசபக்தர்கள் தப்பினர். சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்: சங்கத்தின் ‘இரகசிய ஆவணத்தை’ எழுதியது யார்? சங்கத்தைத் தேடிவந்தவர்களே எழுதினார்கள்! கதாசிரியர் செய்யும் கற்பனைக்கு வாசகரின் உறக்கம் மட்டுமே பலியாகும். அரசு செய்யும் கற்பனைக்கு மனிதர் பலியாவர்.

இதே மண்ணில் அந்தக் கற்பனை மறுபடி ஒருமுறை முயன்றது. 1933 ஆம் ஆண்டில் விருதுநகர்க் காவல் நிலையத்திலும், இங்கிருந்து கூப்பிடு தூரம் எனத்தக்க ஸ்ரீவில்லிபுத்தூர் அஞ்சலகத்திலும் வெடிகுண்டு வெடித்தது தொடர்பாக ஒரு சதிவழக்கு எழுந்தது. அதில் சேர்க்கப்பட்டவர்களுள் ஒருவர் காமராசர். யார் இந்தக் காமராசர்? 1930 இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு அலிப்பூர்ச் சிறைவரை சென்று திரும்பியவர். பகலில் கூட்டம் நடத்தி, பேரைச் சொல்லிக் கைதாகி, சிறையிலிருந்து வெளிவந்ததும் மறுபடி அதே தெருவில் மேடை போட்டவர். அப்படிப்பட்டவரை இருட்டுச் சங்கத்தின் தலைவராகக் காட்டக் காவல்துறை முயன்றது. ஆனால் இது 1911 அல்ல. தென்காசியில் கூடியவர்களுக்கு ஒருவரையொருவர் மட்டுமே தெரியும். காமராசரையோ விருதுநகர்ச் சந்தையில் மூட்டை தூக்குபவரும் அறிவார். டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் மதுரை ஜார்ஜ் ஜோசப்பும் அவருக்காக முன்வந்து வழக்காடினர்; குற்றச்சாட்டு நிற்கவில்லை.

நீலகண்ட பிரம்மச்சாரியின் பிற்காலமும் இங்கே சொல்லத்தக்கது. தண்டனைக் காலத்தில் பெல்லாரிச் சிறையிலிருந்து தப்பிப் பிடிபட்டு, 1919 இல் விடுதலையானவர், சிங்காரவேலரோடு சேர்ந்து பொதுவுடைமைக் கருத்துகளைப் பரப்பியதற்காக 1922 இல் மீண்டும் கைதாகி நெடுங்காலம் சிறையில் கழித்தார். பின்னர் துறவு பூண்டு, நந்தி மலையில் சாது ஓங்காராக வாழ்ந்து 1978 இல் மறைந்தார். அவருடைய வரலாற்றை எழுத எழுத்தாளர்கள் முன்வந்தனர். வாஞ்சியின் பெயர் மணியாச்சி நிலையத்துக்கே சூட்டப்பட்டது. ஆனால் முத்துக்குமாரசாமிப் பிள்ளை கைதான பிறகு அவர் வீட்டார் எப்படிப் பிழைத்தனர்? மூன்று சமையற்காரராலும் விசாரணைக்குப் பின் எந்த வீட்டு அடுப்படியில் மறுபடி வேலைக்குச் சேர முடிந்தது? இந்த அவையில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் தென்காசி, செங்கோட்டை, ஒட்டப்பிடாரம் எல்லாம் எட்டாத ஊர்களல்ல. அந்தக் குடும்பங்களின் வழிவந்தோர் அங்கே இருக்கக்கூடும், அவர்களுடைய பாட்டிமார் சொன்னது அவர்கள் நினைவில் இருக்கக்கூடும். அதைக் கேட்டு எழுதும் பணி இன்னும் மிச்சமிருக்கிறது.